18 வருடமாக ஏ.ஆர்.டி. சாப்பிடுகிறேன், இப்போது இதயத்துக்கும் ஒரு மாத்திரையா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 48. சத்துணவு மையத்தில் சமையல் வேலை. கணவர் இறந்த பிறகு 2007-இல் பரிசோதனை செய்தபோதுதான் எனக்கும் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அப்போது சி.டி.4 (நோய் எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை) வெறும் 140. அன்றிலிருந்து ஏ.ஆர்.டி. என்ற எச்.ஐ.வி. கூட்டு மருந்தை விட்டதில்லை. முதலில் கொடுத்த மாத்திரையில் கன்னம் ஒட்டிப்போனது, பிறகு மாற்றினார்கள். சில வருடங்களாக டி.எல்.டி. என்ற, மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை, இரவில் சாப்பிடுகிறேன். வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸின் அளவு) டி.என்.டி., அதாவது கண்டறியப்படவில்லை என்று வருகிறது. ஆனால் இந்த மாத்திரைக்கு மாறிய பிறகு 8 கிலோ ஏறிவிட்டேன். மாதவிடாய் நின்று 2 வருடம் ஆகிறது.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கான எங்கள் பாசிடிவ் நெட்வொர்க் கூட்டத்துக்கு வரும் அக்கா ஒருவர் போன மாதம் மாரடைப்பில் இறந்துவிட்டார். 52 வயதுதான். வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. பக்கத்து ஊரில் ஒரு தனியார் டாக்டரிடம் போனேன். பி.பி. 148/94, வெறும் வயிற்றில் சர்க்கரை 109, எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 131. ஈ.சி.ஜி. நார்மல். அட்டோர்வாஸ்டாட்டின் 20 என்ற கொலஸ்ட்ரால் மாத்திரையை எழுதிக் கொடுத்தார். எச்.ஐ.வி. இருப்பதை அவரிடம் சொல்லவில்லை, அவருடைய கம்பவுண்டர் எங்கள் தெருக்காரர். மாத்திரையை வாங்கிவிட்டேன், சாப்பிடப் பயம்.

ஏ.ஆர்.டி. மாத்திரைதான் இதயத்தைக் கெடுக்கிறதா? வைரஸ்தான் இல்லையே, வாரத்தில் இரண்டு நாள் விட்டுச் சாப்பிடலாமா? அட்டாசனவிர் என்ற வேறு எச்.ஐ.வி. மருந்து சாப்பிடும் என் தோழியும் இந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரையைக் கேட்கிறாள், கொடுக்கலாமா? வேறு பழக்கம் என்றால், சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலையும் கொஞ்சம் புகையிலையும் போடுவேன். நின்றே வேலை பார்ப்பதால் மூட்டு வலி, அதற்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்வேன். அவ்வளவுதான்.
— பெயர் வேண்டாம், கரூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அக்காவின் மறைவுக்கு என் வருத்தங்கள். சி.டி.4 140-இல் தொடங்கி 18 வருடம் மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, வைரஸைக் கண்டறிய முடியாத அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள். கணவரை இழந்து, வேலையும் பார்த்துக்கொண்டு இதைச் செய்திருக்கிறீர்கள். இது சின்ன விஷயம் இல்லை.

முதலில் அவசரமான பதில். ஏ.ஆர்.டி. மாத்திரையை ஒரு நாள்கூட விட வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் விடுகிற யோசனை உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. மருத்துவர்களுக்கே ஒரு காலத்தில் வந்தது. "சி.டி.4 நன்றாக இருக்கும்போது மருந்தை நிறுத்தி, குறையும்போது திரும்பத் தொடங்கினால் பக்கவிளைவு குறையுமே, இதயத்துக்கும் நல்லதாயிற்றே" என்று நினைத்து 33 நாடுகளில் 5,472 பேரை வைத்து 'ஸ்மார்ட்' என்ற ஆய்வை நடத்தினார்கள். 2006-இல் முடிவு வந்தது. எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக, மருந்தை நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டவர்கள்தான் அதிகம் இறந்தார்கள். இதயம், சிறுநீரகம், ஈரல் சம்பந்தமான பெரிய பிரச்சினைகளும் அவர்களுக்கே அதிகம் வந்தன. அந்த முடிவு தெரிந்ததும் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். இதயத்துக்குப் பயந்து மருந்தை விட்டால் இதயத்துக்குத்தான் கெடுதல் என்று அப்போதே தெளிவாகிவிட்டது. நாள் விட்டு நாள் சாப்பிட்டால் வைரஸ் மருந்துக்குக் கட்டுப்படாத வகையாக மாறும் ஆபத்தும் இருக்கிறது.

அப்படியென்றால் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு ஏன் மாரடைப்பு அதிகம் வருகிறது? அதிகம் வருவது உண்மைதான். அதே வயதுள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை என்று பல நாட்டுக் கணக்குகள் சொல்கின்றன. டி.என்.டி. என்று அறிக்கை வந்தால், ரத்தத்தில் எண்ணிப் பார்க்கும் அளவுக்கு வைரஸ் இல்லை என்று பொருள். உடம்பில் அறவே இல்லை என்று பொருள் அல்ல. நிணநீர் முடிச்சுகளிலும் குடல் சுவரிலும் அது உறங்கிக் கிடக்கிறது. நோய் தொற்றிய முதல் சில வாரங்களிலேயே குடல் சுவரின் காவல் செல்களை வைரஸ் பெருமளவு அழித்துவிடுகிறது. அந்தச் சேதம் பிறகு முழுதாகச் சரியாவதில்லை. அதனால் குடலில் வாழும் கிருமிகளின் துணுக்குகள் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கசிகின்றன. நோய் எதிர்ப்பு மண்டலம் அவற்றைப் பார்த்து எப்போதும் விழிப்பாகவே இருக்கிறது. இது நீறுபூத்த நெருப்பு. மருந்து சாப்பிடும்போது சுவாலை இல்லை, ஆனால் அடியில் சூடு இருக்கிறது. இந்தச் சூட்டில் ரத்தக் குழாயின் உட்சுவரில் கொழுப்புப் படிவு சீக்கிரம் உருவாகிறது, அதுவும் எளிதில் வெடிக்கக்கூடிய மென்மையான படிவாக. படிவு வெடித்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாயை அடைத்தால் அதுதான் மாரடைப்பு. மருந்து தொடங்கும்போது சி.டி.4 எவ்வளவு குறைவாக இருந்ததோ, பிற்காலத்தில் இந்த ஆபத்து அவ்வளவு கூடுதல். 2007-இல் உங்களுக்கு 140 இருந்ததை நான் கவனித்ததற்குக் காரணம் இதுதான்.

மாத்திரைகளுக்கும் ஒரு பங்கு உண்டு, அதை மறைக்க மாட்டேன். உங்கள் கன்னத்தை ஒட்ட வைத்த மருந்து பெரும்பாலும் ஸ்டாவுடினாக இருக்கும். 2004 ஏப்ரலில் நம் நாட்டில் இலவச ஏ.ஆர்.டி. தொடங்கியபோது அதுதான் பரவலாகக் கிடைத்தது. லட்சக்கணக்கானோர் உயிரைக் காப்பாற்றியது, கூடவே முகக் கொழுப்பைக் கரைத்தது, சர்க்கரையையும் கொழுப்பையும் குழப்பியது. அதனால்தான் உலகமெங்கும் கைவிட்டார்கள். அபாகவிர் என்ற மருந்துக்கும் மாரடைப்புக்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. லோபினவிர் கொழுப்பை ஏற்றும். இப்போது நீங்கள் சாப்பிடும் டி.எல்.டி.யில் இந்த மூன்றுமே இல்லை. அதில் இருப்பவை டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர். டெனோஃபோவிர் கொலஸ்ட்ராலைக் கொஞ்சம் குறைக்கவே செய்யும். இதயத்தைப் பொறுத்தவரை உங்கள் பழைய மாத்திரையைவிட இது எவ்வளவோ மேல்.

எடை ஏறியதற்கு டோலுடெக்ராவிர் ஒரு காரணமாக இருக்கலாம். தென்னாப்பிரிக்காவில் நடந்த ஆய்வில் பெண்களுக்கே இது அதிகமாகத் தெரிந்தது. மாதவிடாய் நின்ற வயதும் சேர்ந்திருக்கிறது. இதற்காக மாத்திரையை மாற்றச் சொல்ல மாட்டேன். எடையை வேறு வழியில் பார்த்துக்கொள்வோம்.

சரி, இப்போது எனக்கு உண்மையில் கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கொலஸ்ட்ராலைப் பற்றி இத்தனை கேள்வி கேட்டுவிட்டு, 'அவ்வளவுதான்' என்று கடைசியில் போகிற போக்கில் இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த இடத்தைத்தான்.

டைக்ளோஃபெனாக் ரத்த அழுத்தத்தை ஏற்றும். மாரடைப்பு ஆபத்தைக் கூட்டும். இது எச்.ஐ.வி. இல்லாதவர்களுக்கும் பொருந்தும். உங்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. டெனோஃபோவிர் சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. அதோடு டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையைச் சேர்த்துச் சாப்பிடும்போது சிலருக்குச் சிறுநீரகம் திடீரென்று பழுதாகியிருக்கிறது. சிறுநீரகம் கெட்டால் பி.பி. ஏறும், பி.பி. ஏறினால் இதயம் கெடும். 148/94-க்கு இந்த வலி மாத்திரையும் ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்பது என் சந்தேகம். இன்றே நிறுத்துங்கள். வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால் போடலாம், மூட்டின் மேல் களிம்பு தடவலாம். உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் இயன்முறைப் பிரிவு இருந்தால் தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி சொல்லித் தருவார்கள். அது மாத்திரையைவிட நீண்ட நாள் பலன் தரும். காய்கறி நறுக்கும் நேரத்திலாவது ஒரு உயரமான முக்காலியில் உட்கார்ந்துகொள்ளுங்கள். அடுத்த முறை ஏ.ஆர்.டி. மையம் போகும்போது சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்க்கச் சொல்லுங்கள். கிரியேட்டினின் 0.1, 0.2 என்ற அளவில் லேசாகக் கூடியிருந்தால் பதற வேண்டாம். டோலுடெக்ராவிர் சிறுநீரகத்தைக் கெடுக்காமலேயே அந்த எண்ணை மட்டும் லேசாக ஏற்றிக் காட்டும். மைய மருத்துவருக்கு அது தெரியும்.

அடுத்தது புகையிலை. புகைத்தால்தான் இதயத்துக்குக் கெடுதல் என்று பலரும் நினைக்கிறார்கள். மெல்லும் புகையிலையில் இருக்கும் நிகோட்டினும் இதயத் துடிப்பையும் பி.பி.யையும் ஏற்றும். வாய்ப் புற்றுநோயும் அதன் பின்னாலேயே வரும். வெற்றிலையை உடனே விட முடியாவிட்டால் முதலில் புகையிலையை மட்டும் எடுத்துவிடுங்கள். அப்புறம் பாக்கு. சுண்ணாம்பு வெற்றிலை கடைசியில் போகட்டும்.

பி.பி.யை ஒரு தடவை பார்த்து முடிவு செய்ய முடியாது. அக்கா இறந்த பயத்தோடு போயிருக்கிறீர்கள், அந்தப் பயத்தாலேயே பத்துப் புள்ளி ஏறலாம். வேறு வேறு நாட்களில் மூன்று முறை பாருங்கள். பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பு டீ, வெற்றிலை வேண்டாம். ஐந்து நிமிடம் பேசாமல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டு, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வலி மாத்திரையை நிறுத்திய பிறகும் 140/90-க்கு மேலேயே இருந்தால் பி.பி. மாத்திரை தேவை, தயங்காதீர்கள். அம்லோடிபின் போன்ற சாதாரண பி.பி. மாத்திரைகளுக்கும் உங்கள் டி.எல்.டி.க்கும் எந்தச் சண்டையும் இல்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பி.பி. மாத்திரை வீட்டுக்கே வரும். அதற்குப் பெயர் கொடுக்கும்போது எச்.ஐ.வி. பற்றி யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

சமைப்பவருக்குச் சமையல் சொல்லித் தருவது முறையில்லை, ஆனாலும் இரண்டு விஷயம். ரேஷன் பாமாயிலில் பாதிக்குப் பாதி கெட்ட கொழுப்பு. அதிலேயே எல்லாம் சமைக்காமல் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ வாங்கி அளவாக ஊற்றுங்கள், ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டரைச் சுற்றி இருந்தால் போதும். உப்பு ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் இருப்பதும் அந்தக் கணக்கில் சேரும். உங்கள் சர்க்கரை 109 என்பது நீரிழிவு இல்லை, ஆனால் அதன் வாசல். சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து அந்த இடத்தில் காயோ சுண்டலோ வைத்து, மாலையில் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் சர்க்கரை, எடை, பி.பி. மூன்றும் சேர்ந்து இறங்கும். நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பது நடைப் பயிற்சி ஆகாது.

இப்போது அந்த அட்டோர்வாஸ்டாட்டின். சாப்பிடலாம் என்பதே என் கருத்து. காரணத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் எல்.டி.எல். 131-ஐப் பார்த்து "இதற்கு ஏன் மாத்திரை, உணவிலேயே குறைக்கலாமே" என்று யாராவது சொல்லக்கூடும். சாதாரணமாக நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் 2023-இல் 'ரிப்ரீவ்' என்ற பெரிய ஆய்வின் முடிவு வந்தது. இந்தியா உட்பட 12 நாடுகளில், எச்.ஐ.வி.யோடு வாழும் 40 முதல் 75 வயதுள்ள 7,769 பேர் சேர்ந்தார்கள். எல்லோரும் ஏ.ஆர்.டி. சாப்பிடுபவர்கள். வழக்கமான கணக்குப்படி இதய நோய் ஆபத்து குறைவாகவோ நடுத்தரமாகவோ இருந்தவர்கள். பாதிப் பேருக்கு அட்டோர்வாஸ்டாட்டின் வகையையே சேர்ந்த பிடாவாஸ்டாட்டின் 4 மி.கி., மீதிப் பேருக்கு அதே மாதிரி தோன்றும் வெறும் மாத்திரை. ஏறத்தாழ 5 வருடத்தில், மருந்து சாப்பிட்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் 35 சதவீதம் குறைவாக இருந்தன. பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தினார்கள். அவர்களுடைய சராசரி எல்.டி.எல். உங்களுடையதைவிடக் குறைவு, 108 தான். கொலஸ்ட்ரால் இறங்கிய அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் இவ்வளவு பலன் வந்திருக்கக் கூடாது. படிவின் சூட்டையும் அந்த மருந்து தணிக்கிறது என்பதே பலருடைய கருத்து.

பெரிதுபடுத்தியும் சொல்லக் கூடாது. அந்த ஆய்வின் கணக்குப்படி சுமார் 106 பேர் 5 வருடம் சாப்பிட்டால் ஒருவருக்கு ஒரு பெரிய நிகழ்வு தவிர்க்கப்படுகிறது. ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்குப் பலன் இதைவிடக் கூடுதல். பி.பி., புகையிலை, மாதவிடாய் நின்றது, பழைய சி.டி.4 எல்லாம் சேர்ந்து உங்களை ஆபத்து குறைந்தவர்கள் வரிசையில் வைக்க என்னால் முடியவில்லை. பக்கவிளைவு என்றால், மருந்து சாப்பிட்ட சிலருக்குத் தசை வலி வந்தது, புதிதாகச் சர்க்கரை வந்தவர்கள் 100-க்கு 5 பேர், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 4 பேர். உங்கள் சர்க்கரை வாசலில் நிற்பதால் 6 மாதத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். தசை முழுக்க வலித்தாலோ சிறுநீர் கறுத்துப் போனாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பிடாவாஸ்டாட்டின் கிடைக்காத இடத்தில் அட்டோர்வாஸ்டாட்டின் 20 மி.கி. கொடுக்கலாம் என்று அமெரிக்க வழிகாட்டுதலும் சொல்கிறது. டி.எல்.டி.யோடு அது ஒத்துப்போகும்.

ஆனால் நானே கடிதத்தில் 'சாப்பிடு' என்று சொல்லிவிடக் கூடாது. அந்தச் சீட்டையும் ரத்தப் பரிசோதனை அறிக்கையையும் எடுத்துக்கொண்டு ஏ.ஆர்.டி. மைய மருத்துவரிடம் காட்டுங்கள். ஈரல் பரிசோதனையைப் பார்த்துவிட்டு அவர் சரி என்றால் அன்றே தொடங்குங்கள். இதில் உங்கள் இன்னொரு சங்கடமும் தீர்ந்துவிடும். கம்பவுண்டருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் நியாயமான பயம், அதைத் தூக்கிப் போடுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. உங்கள் எல்லா மாத்திரையையும் தெரிந்த ஒரு மருத்துவர் இருக்க வேண்டும், அது மைய மருத்துவராகவே இருக்கட்டும். வேறு யார் எந்த மாத்திரை எழுதினாலும், சர்க்கரைக்கான மெட்ஃபார்மினாக இருந்தாலும் சரி, வாயுவுக்கான ஜெலுசிலாக இருந்தாலும் சரி, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இரண்டுமே டோலுடெக்ராவிரோடு உரசும். மெட்ஃபார்மின் அளவைக் கட்டுப்படுத்த வேண்டும். ஜெலுசில் குடித்தால், டி.எல்.டி.யை அதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போதான் சாப்பிட வேண்டும்.

ஒரு துண்டுக் காகிதத்தில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் என்று எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். மயங்கிய நிலையில் உங்களைக் கொண்டுபோனாலும் மருத்துவருக்குப் புரியும், மற்றவர்களுக்குப் புரியாது.

வாயு என்று நினைத்து உங்கள் அக்கா படுத்தாரே, அதை நெட்வொர்க் கூட்டத்தில் எல்லோரிடமும் பேசுங்கள். நடு நெஞ்சில் கல்லை வைத்தது போன்ற பாரம், தாடைக்கோ கைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்வை, மூச்சு வாங்குதல், இதுவரை இல்லாத அசதி. பெண்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமல் மூச்சு வாங்குவதும் குமட்டலும் மட்டும் வரலாம். பத்து நிமிடத்தில் அடங்காவிட்டால் சோடாவும் வேண்டாம், ஓமத் தண்ணீரும் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். 2023-இலிருந்து 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் முதல் டோஸாகக் கொடுத்து அனுப்புகிறார்கள். ஈ.சி.ஜி. நார்மல் என்பதை மட்டும் வைத்து மாரடைப்பு இல்லை என்றோ இனி வராது என்றோ முடிவு செய்ய முடியாது.

மருத்துவமனையில் எச்.ஐ.வி. என்று தெரிந்து யாராவது தயங்கினால், 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டப்படி சிகிச்சை மறுப்பது தடைசெய்யப்பட்ட பாகுபாடு. உங்கள் நிலையை உங்கள் சம்மதம் இல்லாமல் வெளியில் சொல்வதையும் அதே சட்டம் தடுக்கிறது. ஆஞ்சியோவும் ஸ்டென்ட்டும் மற்றவர்களைப் போலவே உங்களுக்கும் செய்யலாம், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையிலேயே செய்யலாம். 1097 இலவச உதவி எண்ணில் தமிழிலேயே விவரம் கேட்கலாம்.

உங்கள் தோழிக்கு இந்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள். அட்டாசனவிரோடு ரிடோனவிர் என்ற மருந்தும் சேர்ந்தே வரும். ஈரல் சில மருந்துகளைக் கரைத்து வெளியேற்றும் வேலையை ரிடோனவிர் தடுத்துவிடும். அதனால் அட்டோர்வாஸ்டாட்டின் அவர் ரத்தத்தில் உங்களுக்கு இருப்பதைவிட அதிகமாகச் சேரும். சிம்வாஸ்டாட்டின் என்றால் தசையே சிதையும் அளவுக்குப் போகலாம், அதைத் தொடவே கூடாது. மாரடைப்பு வந்தால் கொடுக்கும் டிகாக்ரெலரும் ரிடோனவிர் சாப்பிடுபவர்களுக்கு ஆகாது, ஆகவே அவசரத்தில் அவர் தன் மாத்திரையின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். அவருக்குக் கொலஸ்ட்ரால் மாத்திரை வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த மாத்திரை, எந்த அளவு என்பதை அவருடைய சீட்டைப் பார்த்து மைய மருத்துவர் எழுதித் தரட்டும். முடிந்தால் அடுத்த மாதம் மருந்து வாங்கப் போகும்போது இருவரும் ஒரே நாளில் போங்கள், உங்கள் மூன்று பி.பி. அளவுகளையும் குறித்து எடுத்துக்கொண்டு.